சத்தமில்லாத குடித்தனம்

1

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உலை வைக்கும்போது வாசல் மணி அடித்தது. ஃப்ராவ் வெபர் நின்றிருந்தார். ஃப்ராவ் என்றால் நம் ஊர் திருமதி மாதிரி. இந்த வீடு அவருடையது. கீழே அவர் தனியாக இருக்கிறார், மாடியில் நாங்கள் மூன்று பேர். எண்பதை நெருங்கும் வயதில் கைப்பிடியைப் பிடித்துப் படியேறி, ஆப்பிள் போட்டுச் சுட்ட கேக்கைத் துணியால் மூடி எடுத்து வந்திருந்தார். நாங்கள் இங்கே குடிவந்து பத்து வருஷம் ஆகிவிட்டதாம். எங்களுக்கே அது ஞாபகமில்லை.

உட்காரவைத்துக் காபி கொடுத்தோம். கிளம்பும்போது என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களைப் போன்ற குடித்தனக்காரர்கள் கிடைப்பது அபூர்வம். மாடியில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரிவதில்லை" என்றார்.

ஜெர்மனியில் ஒரு வீட்டுக்காரர் சொல்லக்கூடிய பெரிய பாராட்டு இதுதான். என் கணவருக்கு அன்று முழுக்க முகம் மலர்ந்தே இருந்தது. மகள் ரெஜினா அந்த வார்த்தையை ஜெர்மனில் இன்னொருதரம் சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். நான் அடுப்படிக்குப் போய், வெந்த சோற்றை வடிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஊரில் என்னைப் பற்றி "சீமையில மாடி வீட்ல இருக்கா" என்று சொல்கிறார்களாம். மாடி வீடுதான். அதில் எப்படி இருக்கிறோம் என்பதை இதுவரை யாருக்கும் நான் எழுதியதில்லை. போகும்போதெல்லாம் சாக்லேட்டும் சோப்பும் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

2

எனக்கு ஊர் ராயப்பன்பட்டி. அறுபதுகளின் கடைசியில் கன்னியாஸ்திரிகள் வழியாக நர்ஸ் படிப்புக்கு இங்கே வந்தேன். ரைன் நதிக்கரையில் ஒரு பெரிய நகரம். ஆஸ்பத்திரியை ஒட்டிய விடுதியில் மலையாளத்துப் பெண்களோடு இருந்தேன். கேரள எல்லைப் பக்கத்துக்காரி என்பதால் அவர்கள் பேச்சு எனக்கு ஓரளவு விளங்கும். அந்த விடுதியில் எங்கள் சத்தத்துக்குக் குறைவில்லை. லீவில் ஊருக்குப் போய்க் கல்யாணம் ஆன பிறகுதான் வீடு தேட வேண்டி வந்தது.

என் கணவர் அந்தோணி உத்தமபாளையம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். மைதானத்தில் அவர் கொடுக்கும் 'அட்டென்ஷன்' பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும் என்பார்கள். விசில் வைத்துக்கொண்டாலும் ஊதமாட்டார், தொண்டையே போதும். கல்யாணத்தன்று சாப்பாட்டுப் பந்தியில் தண்ணீர் வரவில்லை என்று அவர் போட்ட ஒரு சத்தத்தில் பந்தியே நிமிர்ந்து உட்கார்ந்தது. நான் பயந்துபோய் என் தம்பி சவரிமுத்துவைப் பார்த்தேன். அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

அவருக்கு விசா கிடைத்து வந்து சேர்வதற்குள் ரெஜினா பிறந்துவிட்டாள். கைக்குழந்தையோடு வீடு வீடாக ஏறினோம். பேப்பரில் விளம்பரம் பார்த்துப் போன் செய்தால், என் உச்சரிப்பைக் கேட்டதுமே வீடு போய்விட்டது என்பார்கள். நேரில் போனால் குழந்தையைப் பார்ப்பார்கள். நிறத்தைப் பார்த்தார்களா குழந்தையைப் பார்த்தார்களா என்று திரும்பி வரும்போது டிராமில் நாங்கள் பேசிக்கொள்வோம். குழந்தையைத்தான் என்று சொல்லிக்கொள்வது இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது.

ஃப்ராவ் வெபரின் தெரு ஊருக்குள்ளேயே இருந்தாலும் வேறு ஊர் மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் லிண்டன் மரங்கள். எல்லா ஜன்னலிலும் ஒரே மாதிரி வெள்ளைத் திரை. மனுஷ நடமாட்டமே இல்லை. அவர் எங்களை உட்காரவைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எனக்கு அமைதி முக்கியம். உங்களால் அது முடியுமா?"

நான் பதில் சொல்வதற்குள், வந்து சில வாரமே ஆகியிருந்த என் கணவர் தன் ஜெர்மனை எடுத்துவிட்டார். 'ஸ்டில்' என்றால் அமைதி என்று படித்திருந்தார். அதிலிருந்து அவரே ஒரு வினைச்சொல் செய்து, நெஞ்சில் கை வைத்து, "நாங்கள் எப்போதும் ஸ்டில்லன்" என்றார். ஸ்டில்லன் என்றால் தாய்ப்பால் கொடுப்பது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஃப்ராவ் வெபர் அவரை ஒருதரமும் குழந்தையை ஒருதரமும் பார்த்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் வீடு கிடைத்தது. அவர் அப்படிச் சிரித்து அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

வாடகை ஒப்பந்தத்தோடு வீட்டு விதிகள் என்று தனியாக ஒரு தாள் இருந்தது. மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை ஓய்வு நேரம், சத்தம் கூடாது. இரவு பத்துக்கு மேல் குளிக்கக் கூடாது, குழாயில் தண்ணீர் போகும் சத்தம் கீழே கேட்கும். வீட்டுக்குள் மெத்தென்ற செருப்புத்தான் போட வேண்டும். கதவைக் கைப்பிடியை அழுத்திச் சாத்த வேண்டும். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்டேன். "அவர்களுடைய பையன் குதித்துக் குதித்து நடப்பான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

3

இந்த ஊரில் வீடு என்பது வெறும் வீடு மட்டுமல்ல. இருக்கிற வீட்டைப் போலீசில் பதிய வேண்டும். பதிந்த தாளை வெளிநாட்டவர் அலுவலகத்தில் காட்டினால்தான் தங்கும் அனுமதி நீளும். வீட்டின் அளவென்ன, ஆளுக்கு எத்தனை அறை என்று கேட்பார்கள். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். வீடு போனால் என் கணவருடைய அனுமதிக்கும் ஆபத்து, குழந்தை அனுமதிக்கும் ஆபத்து. ஒவ்வொரு முறையும் அந்த அலுவலகத்தின் நீள பெஞ்சில் காலையிலேயே போய் உட்கார்ந்திருப்போம். என்ன கேட்டாலும் அவர் "யா, யா" என்பார். சொல்வது புரிந்ததா என்று கேட்டால் அதற்கும் "யா."

முதல் சில வருஷம் அவருக்கு வேலை செய்ய அனுமதியில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவேன், அவர் குழந்தையோடு வீட்டில். அதனால் அந்த அமைதியை உண்மையில் காப்பாற்றியவர் அவர்தான். குழந்தை வாய் திறக்கும் முன்னால் தூக்கிவிடப் பழகினார். தரைப் பலகையில் எந்த இடம் கிறீச்சிடும் என்று கண்டுபிடித்து, அதை மிதிக்காமல் நடந்தார். இஞ்சி தட்டுவதற்குப் பதில் கத்தியால் பொடிப்பொடியாக நறுக்கினார். தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வார்.

ரெஜினா பேசத் தொடங்கியபோது கிசுகிசுவென்றுதான் பேசினாள். தொண்டையில் கோளாறோ என்று குழந்தைகள் டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் பரிசோதித்துவிட்டு, "கோளாறு இல்லை, வீட்டில் எப்படிப் பேசுகிறீர்களோ அப்படிப் பேசுகிறாள்" என்றார்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "என்னங்க, நாம கொஞ்சம் சத்தமாப் பேசணுமாம்."

"எங்கன போயிப் பேச?" என்றார் அவர்.

4

ரெஜினாவுக்கு ஐந்து வயது ஆகப்போகிற சமயம். நான் காலை ஷிப்ட் முடிந்து ஒன்றரை மணிக்கு வந்தேன். ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினேன். அது வழக்கம். கதவைத் திறந்தவர் என்னைப் பார்க்காமல் உள்ளே போய் அடுப்பைக் கிளறினார். காலையில் தந்தி வந்திருந்தது. மூன்று மணி வரை பொறுத்திருந்து, ஓய்வு நேரம் முடிந்த பிறகு சொல்லலாம் என்று நினைத்திருக்கிறார். முகம் காட்டிக்கொடுத்துவிட்டது.

"என்னங்க? ஊர்லருந்து ஏதாச்சும் வந்துச்சா?"

"சாப்பிடு முதல்ல."

"அப்பாவா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "சவரி" என்றார்.

தம்பி திராட்சைத் தோட்டத்தில் மோட்டார் போடப் போனவன், கரண்ட் அடித்து இறந்துவிட்டான். அடக்கமும் முடிந்திருந்தது. அவனுக்கு ஒரு பெண் குழந்தை, இன்னொன்று வயிற்றில்.

என்னிடமிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அது நான் எழுப்பிய சத்தம் என்று சொல்ல முடியாது, தானாக வந்தது. ஆஸ்பத்திரியில் எத்தனையோ சாவு பார்த்தவள் நான். ஆனால் அந்தச் சத்தம் எங்கள் ஊர்ச் சத்தம். துக்க மணி அடித்ததும் தெருப் பெண்கள் எழுப்புவது. எங்கள் அம்மா இறந்தபோது நானும் தம்பியும் கட்டிக்கொண்டு அப்படித்தான் அழுதோம்.

அவர் பாய்ந்து ஜன்னலைச் சாத்தினார். துண்டை எடுத்துக் கதவடியில் திணித்தார். பிறகு வந்து என்னைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து, உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினார்.

"கத்தாத பிலோமி. கத்தாத. கீழ கேக்கும். பாஸ்போர்ட்டு ஆபீஸ்ல கெடக்கு. அந்தம்மா கையெழுத்து இன்னும் போடல. கத்தாத."

அவர் கையில் வெங்காய வாசனை. நான் கடித்தேன். கையை அவர் எடுக்கவில்லை. அவரும் அழுதுகொண்டிருந்தார், சத்தமில்லாமல். அவருக்கு அதற்குள் அது வந்துவிட்டிருந்தது. என் மூச்சு அடங்கிய பிறகுதான் கையை எடுத்தார். உள்ளங்கையில் என் பல் தடம் இருந்தது.

ரெஜினா எப்போது கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள் என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை. படியில் ஃப்ராவ் வெபரின் குரல் கேட்டது.

"மேலே என்ன சத்தம், குழந்தை?"

"ரேடியோ" என்றாள் என் மகள். சுத்தமான ஜெர்மனில், கொஞ்சமும் தயங்காமல். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மறுநாள் ஃப்ராவ் வெபர் என் கணவரைப் படியில் நிறுத்தி, மத்தியான நேரத்தில் ரேடியோவைக் குறைத்து வைத்தால் நல்லது என்று மரியாதையாகச் சொன்னார். இவர் அதைவிட மரியாதையாக மன்னிப்புக் கேட்டார். அதற்கடுத்த வாரம் தாளில் கையெழுத்துக் கிடைத்தது.

என் தம்பி இறந்த விஷயம் ஃப்ராவ் வெபருக்கு இன்றுவரை தெரியாது. அவர் கெட்டவர் இல்லை. சொல்லியிருந்தால் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மேலே வந்து என் கையைப் பிடித்திருப்பார். அன்றைக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் ஒரு நாள் போனபின் எப்படிச் சொல்வது? ரேடியோ என்று சொன்னது பொய் என்று ஆகிவிடும். பொய் சொல்லும் குடித்தனக்காரர்களாக ஆக நாங்கள் தயாராக இல்லை.

என் கணவர்மேல் எனக்குக் கோபமில்லை என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் கை என் முகத்தருகே வந்தால் தலை தானாகப் பின்னால் போனது. அவர் அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கேட்காமல் விட்டவை இப்படி நிறையச் சேர்ந்துவிட்டன.

5

லீவும் டிக்கெட்டும் கூடி ஊருக்குப் போக இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே எண்ணம். என் பங்கு அழுகை பாக்கியிருக்கிறது, அதைப் போய் அழ வேண்டும்.

துக்கத்துக்கு வராத ஆள் பிறகு எப்போது வந்தாலும், பெண்கள் கூடி அவளைக் கட்டிக்கொண்டு அழுவது எங்கள் பக்கத்து வழக்கம். கார் வந்து நின்றதும் தெருப் பெண்கள் வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் கட்டிக்கொண்டு குரல் எடுத்தார்கள். நானும் வாயைத் திறந்தேன். கண்ணீர் வந்தது. குரல் வரவில்லை. நெஞ்சிலிருந்து கிளம்புவது தொண்டைக்கு வந்ததும் நின்றுவிட்டது. அவர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். ஒருத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பிள்ள வெள்ளக்காரப் பிள்ள மாதிரியே இருக்கே" என்று ரெஜினாவின் கன்னத்தைத் தொட்டாள். திரும்பிப் போகும்போது இன்னொருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. "கூடப் பொறந்தவன். ஒரு சத்தம் இல்ல பாத்தியா?"

எனக்கு அது தைத்தாலும் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இவர்கள் எல்லாம் அழுது முடித்தவர்கள். புஷ்பத்தைப் பார்த்தால் எனக்குக் குரல் வந்துவிடும்.

புஷ்பம் தம்பியின் மனைவி. அவள் ராயப்பன்பட்டியில் இல்லை. டீச்சர் டிரெய்னிங் படித்திருந்ததால் தேனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து, இரண்டு பெண்களோடு அங்கே வாடகைக்கு இருந்தாள். வந்த மூன்றாம் நாள் நாங்கள் பஸ் ஏறினோம்.

ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய வீடுகள் இருக்கும் தெரு. பஜாரின் இரைச்சல் அங்கே எட்டவில்லை. காம்பவுண்டுச் சுவர், கேட், கேட்டில் பெயர்ப்பலகை. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர் ஒருவரின் வீடு. அதன் பின்கட்டில் ஒரு அறையும் அடுப்படியும்தான் புஷ்பத்தின் குடித்தனம்.

கேட்டில் கை வைத்ததுமே புஷ்பம் ஓடிவந்தாள். மெலிந்திருந்தாள். "வாங்க மதினி. வாங்கண்ணே" என்றாள். குரல் இறங்கியிருந்தது. நான் அவளைக் கட்டிக்கொள்ளக் கை நீட்டினேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்து நிறுத்தினாள்.

"உள்ள போயிருவோம் மதினி. வீட்டுக்காரம்மா இருக்காக."

என் கணவரை வீட்டுக்காரர் முன்புறம் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். ரெஜினா செருப்பை ஓசையில்லாமல் கழற்றி ஓரமாக வைத்து, பின்கட்டுக் கதவைக் கைப்பிடியை அழுத்திச் சாத்தினாள். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரம்மா, "எம்புட்டு அடக்கமான பிள்ள" என்று புஷ்பத்தின் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு போனார்.

அறைக்குள் பாய் விரித்து உட்கார்ந்தோம். புஷ்பம் கதவைத் தாழிட்டாள்.

"தப்பா எடுத்துக்கிடாதீக மதினி. வீட்டுக்காரம்மா மக பிள்ளப்பேறுக்கு வந்திருக்கு. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. அழுக சத்தம் கேக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாக."

"நாங்க வர்றோம்னு தெரியுமா அவுகளுக்கு?"

"நான்தான் சொன்னேன். வரட்டும், சாப்பிட்டுப் போகட்டும், ஒப்பாரி மட்டும் வேண்டாம்னாக. அவுகளக் குத்தம் சொல்ல முடியாது மதினி. வீட்டுக்கு நான் அலைஞ்சது கொஞ்சமில்ல. புருஷன் இல்லன்னதும் கதவச் சாத்துனாக. வேதக்காரக, மாதா கோயிலுக்குப் போறவுகன்னதும் கறி பொங்குவீகன்னு சாத்துனாக. இந்தம்மாதான் குடுத்தாக. பிள்ளைகளுக்குக் காய்ச்சல்னா அவுகதான் கஷாயம் வச்சுக் குடுக்காக. சத்தம் கூடாது, அது ஒண்ணுதான்."

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் அந்தப் பெண் படுத்திருந்தாள். அவள் புரளும்போது கட்டில் முனகுவது இங்கே கேட்டது.

பிறகு புஷ்பம் அன்றைக்கு நடந்ததைச் சொன்னாள். காதோடு காதாகச் சொன்னாள். முதல் நாள் ராத்திரி மழை. காலையில் அவன் கஞ்சியைக்கூடக் குடிக்காமல் போயிருக்கிறான். மோட்டார் ரூமில் தண்ணீர் கட்டியிருந்திருக்கிறது. "கால்ல செருப்பு இல்ல மதினி" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் உடைந்தாள். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். உடம்பு முழுக்கக் குலுங்கியது. நான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது. நான் எதையும் வாயில் திணிக்க வேண்டியிருக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு நாளா பயந்துகிட்டே இருந்தேன் மதினி" என்றாள். "நீங்க வந்து கத்தி அழுதுருவீகளோன்னு. எப்படி உங்க வாயப் பொத்துறதுன்னே யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். பிறகு இரண்டு பேரும் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, சோறு பொங்கினோம். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. பிள்ளைகள் சாப்பிட்டார்கள். சவரியின் சின்ன மகள் அப்பனைப் பார்க்காதவள். அவள் ரெஜினாவின் மடியில் ஏறி உட்கார்ந்து ஏதோ கேட்டாள். ரெஜினாவுக்குத் தமிழில் பதில் சொல்லத் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

6

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினோம். வீட்டுக்காரம்மா கேட் வரைக்கும் வந்து எனக்குக் குங்குமம் கொடுக்கப் போய், நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பது நினைவு வந்து, பூவை மட்டும் கொடுத்தார். புஷ்பம் கேட்டுக்கு உள்ளேயே நின்றுகொண்டாள்.

கம்பம் பஸ்ஸில் இடம் கிடைத்தது. ரெஜினா ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டாள். பஸ்ஸில் ஆளாளுக்குக் கத்திப் பேசிக்கொண்டு வந்தார்கள். என் கணவர் எனக்குப் பக்கத்தில். வீரபாண்டி தாண்டியதும் என் காதருகே குனிந்தார்.

"ரெண்டு பேரும் அழுதீகளா?"

"அழுதோம்."

"முன்னால திண்ட வரைக்கும் ஒண்ணும் கேக்கலையே. நான் அந்தப் பக்கமே காத வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். வீட்டுக்காரர் அந்தக் காலத்து ஜமாபந்தி கதையெல்லாம் சொன்னாரு. எனக்கு ஒண்ணும் ஏறல. ஏதும் கேட்டுருமோன்னே இருந்துச்சு."

நான் வெளியே பார்த்தேன். வாய்க்கால் ஓரமாகத் தென்னைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

"அவருக்கும் கேக்கல" என்றார், நல்ல சேதி சொல்கிற மாதிரி. "அந்தம்மா ரெண்டு தடவ உள்ள போயிட்டு வந்தாக. முகத்துல ஒண்ணும் மாறல."

"ம்."

"அப்ப புஷ்பம் வீட்டுக்கு ஆபத்து ஒண்ணும் வராதுல்ல?"

"வராது" என்றேன்.

அவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.